டி-ஜோனில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி: பிரெஸ்டு மினரல் பவுடரா, லூஸா, லிக்விடா?

நெற்றியும் மூக்கும் முகவாயும் சேர்ந்த டி-ஜோன் காலை பதினோரு மணிக்கே பளபளக்க ஆரம்பித்துவிடும்; கன்னம் மட்டும் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். காம்பினேஷன் சருமம் எனப்படும் இந்த வகை முகத்துக்கு ஃபவுண்டேஷன் கேட்டால் கடையில் பெரும்பாலும் முதலில் நீட்டுவது பிரெஸ்டு மினரல் பவுடரைத்தான். கண்ணாடி வைத்த தட்டை டப்பா, சிந்தாது, கைப்பையில் போட்டுக்கொள்ளலாம், எண்ணெயையும் அடக்கும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் மூக்கை நினைத்து வாங்குகிறார்கள். பாதி தீர்வதற்குள் அதை ஓரங்கட்ட வைப்பது கன்னம். காம்பினேஷன் சருமத்துக்கு ஃபவுண்டேஷனைக் கன்னத்தைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். மூக்கின் எண்ணெய்க்கு எந்த வகையிலும் ஏதாவது ஒரு வழி உண்டு. உலர்ந்த கன்னத்தில் தூள் திட்டாக நின்றுவிட்டால், கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதைத் தவிர பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வெளியே புழுக்கம், உள்ளே நாள் முழுக்க ஏசி, போகவர ஹெல்மெட் அல்லது நெரிசலான பஸ். சென்னைவாசிகளுக்குப் பழக்கமான இந்தச் சூழலை வைத்தே கீழே உள்ள ஒப்பீடு. குளிர்ப் பிரதேசங்களுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகள் நம் ஊர் வியர்வைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

## வாங்குவதற்கு முன் ஒரு டிஷ்யூ சோதனை

முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவித் துடைத்து, எதுவும் போடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். டிஷ்யூவை நான்காகக் கிழித்து நெற்றி, மூக்கு, முகவாய், கன்னம் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை ஐந்து நொடி அழுத்தி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் மூன்றில் எண்ணெய்க் கறை தெரிந்தால் டி-ஜோன் எண்ணெய்ப் பசை உள்ளது. முடிவு எடுக்க உதவுவது நான்காவது துண்டுதான்.

அதில் மங்கலான கறை இருந்தால் உங்கள் கன்னம் சாதாரணக் கன்னம். கீழே வரும் மூன்று வகையும் உங்களுக்கு ஓடும். கறையே இல்லை, சிரித்தால் லேசாக இழுக்கிறது என்றால் பவுடர் போடலாம், ஆனால் அடியில் மாய்ச்சரைசர் கட்டாயம். விரலால் தடவும்போது சொரசொரப்பாகச் செதில் தட்டுப்பட்டால், இப்போதைக்குப் பவுடர் ஃபவுண்டேஷன் எதுவும் வேண்டாம். தூள் செதிலின் விளிம்பைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததையும் எடுத்துக் காட்டும்.

மூக்கின் இரு ஓரங்களிலும் புருவங்களுக்கு நடுவிலும் சிவந்து, மஞ்சள் கலந்த செதில் உரிகிறதா? அதை வறட்சி என்று நினைத்து ஸ்கிரப் போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணெய் சுரக்கும் இடங்களில் வரும் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற சரும அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் சரும மருத்துவர், அப்புறம் ஃபவுண்டேஷன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கன்னத்தில் எப்படி உட்காருகிறது என்பதே முதல் அளவுகோல். அடுத்தது டி-ஜோனில் எண்ணெயும் வியர்வையும் வந்த பிறகு என்ன ஆகிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல, எண்ணெய் நிறத்தை அடர்த்தியாக்கும், வியர்வை கோடு போட்டு வழித்துக்கொண்டு போகும். பிறகு மறைப்புத் திறன், நம் நிறத்துக்கு ஷேட் கிடைப்பது, மத்தியானம் திரும்பப் போடும் வசதி. கடைசியாகச் செலவு. இதில் டப்பாவின் விலையோடு பிரஷ், ஸ்பாஞ்ச், உடைந்து வீணாவது, இரவில் கழுவ வேண்டியது எல்லாம் சேரும்.

## டப்பாவின் பின்பக்கம் என்ன இருக்கிறது

மினரல் ஃபவுண்டேஷனின் அடிப்படை நான்கு பொருள்கள்: டைட்டானியம் டை ஆக்ஸைடு (நிறமி எண் சி.ஐ. 77891), ஜிங்க் ஆக்ஸைடு (சி.ஐ. 77947), மைக்கா (சி.ஐ. 77019), நிறத்துக்கு அயர்ன் ஆக்ஸைடுகள் (சிவப்பு 77491, மஞ்சள் 77492, கறுப்பு 77499). இந்த நான்கோடு பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு (சி.ஐ. 77163) சேர்ந்த ஐந்தே பொருள்களில்தான் பேர்மினரல்ஸ் பிராண்டின் புகழ்பெற்ற ஒரிஜினல் லூஸ் பவுடர் வந்தது. பிஸ்மத் தூளை வழவழப்பாக்கிச் சருமத்தில் ஒட்ட வைக்கும், ஒரு மினுமினுப்பும் தரும். அந்த மினுமினுப்போடு மூக்கின் எண்ணெயும் சேரும்போது எண்ணெய் வழிவது இரட்டிப்பாகத் தெரியும். வியர்த்தால் சிலருக்கு அரிக்கவும் செய்யும். எண்ணெய் மூக்குக்காரர்கள் 77163 என்ற எண் பட்டியலில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

இந்த நான்கு பொருள்களும் எண்ணெயை உறிஞ்சுவதில் பெரிய ஆட்கள் அல்ல. உறிஞ்சும் வேலையைப் பெரும்பாலும் செய்பவை சிலிக்காவும் கயோலின் களிமண்ணும். பொருள் பட்டியல் அதிகமுள்ளதில் தொடங்கிக் குறைவானதில் முடியும் (ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவையும் நிறமிகளும் இந்த வரிசையில் வராமல் இருக்கலாம்). சிலிக்காவோ கயோலினோ முன்பாதியில் இல்லாத பவுடர் மதியம் வரை மூக்கைக் காய வைக்கும் என்று நம்ப வேண்டாம், முன்பக்கம் எவ்வளவு பெரிதாக 'மேட்' (பளபளப்பற்றது) என்று போட்டிருந்தாலும்.

## பிரெஸ்டு மினரல் பவுடர்

தூளைத் தட்டில் வில்லையாக நிறுத்த ஒரு பிணைப்பு வேண்டும். டைமெத்திகோன், ஜோஜோபா எண்ணெய், ஸ்குவாலேன், மெக்னீசியம் ஸ்டியரேட், ஜிங்க் ஸ்டியரேட் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. லூஸ் பவுடருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இந்தப் பிணைப்புதான். காம்பினேஷன் முகத்துக்கு நல்லதும் கெட்டதும் அதிலிருந்தே வருகிறது. காய்ந்த கன்னத்தில் லூஸைவிட மிருதுவாகப் படியும். முன்பே கொஞ்சம் எண்ணெயில் நனைந்த நிறமி என்பதால், கடையில் பார்த்த நிறத்துக்கும் முகத்தில் நிற்கும் நிறத்துக்கும் இடைவெளி குறைவு. மறுபக்கம், எண்ணெய் மூக்கின் மேல் நாமே இன்னும் ஒரு துளி எண்ணெயைக் கொண்டுபோய் வைக்கிறோம். பருத் தொல்லை உள்ளவர்கள் பிணைப்பாக ஐசோபுரொப்பைல் பால்மிடேட், ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒதுக்குவது நல்லது. இவை துவாரங்களை அடைக்கக்கூடியவை.

போடும் முறையில்தான் பாதி வெற்றி. மாய்ச்சரைசரைக் கன்னத்தில் தாராளமாக, டி-ஜோனில் பேருக்கு மட்டும் போடுங்கள். பிறகு சன்ஸ்கிரீன். அது செட்டாக 10 முதல் 15 நிமிடம் விட்டு, ஒரு டிஷ்யூவை முகம் முழுக்க ஒருமுறை ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றலை விட்டால் ஈரத்தரையில் போட்ட கோலமாவு மாதிரி பவுடர் அங்கங்கே கட்டிக்கொள்ளும்.

அடர்த்தியான, நுனி தட்டையான பிரஷ்ஷால் வில்லையை இரண்டு முறை லேசாகத் தொட்டு, டப்பா விளிம்பில் ஒருமுறை தட்டுங்கள். முதலில் நெற்றி நடுவில், பிறகு முகவாயில் அழுத்தி அழுத்தி எடுங்கள். பிரஷ்ஷில் மிச்சம் இருப்பதை மட்டும் கன்னத்தில் வட்டமாக, எடை கொடுக்காமல் தேய்த்துவிடுங்கள். கன்னத்துக்கென்று புதிதாகப் பவுடர் எடுக்காதீர்கள். மாவு பூசிய முகம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. மூக்கு கடைசியில். அதற்குப் பிரஷ் வேண்டாம், ஸ்பாஞ்சின் முனையால் ஒற்றினால் போதும். தேய்த்தால் அடியில் உள்ள சன்ஸ்கிரீன் துணுக்குத் துணுக்காக உருண்டு வரும். சிலிகான் அதிகமுள்ள சன்ஸ்கிரீனில் இது நடக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் முடிந்து இன்னும் தூளாகத் தெரிந்தால், ஒரு கை தூரத்திலிருந்து செட்டிங் ஸ்பிரேயை இரண்டு முறை அடித்து, சுத்தமான ஸ்பாஞ்சால் அழுத்திவிடுங்கள்.

இந்த வகைக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. சில வாரங்களில் வில்லையின் மேல் நடுவில் மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு கெட்டிப் படலம் உருவாகி, பிரஷ்ஷில் எதுவும் வராமல் போகும். பவுடர் தீர்ந்துவிட்டதாகவோ கெட்டுவிட்டதாகவோ நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். நடப்பது இதுதான்: மத்தியானம் எண்ணெயை ஒற்றாமல் ஸ்பாஞ்சை நேரே மூக்கில் வைக்கிறோம், அதே ஸ்பாஞ்சை மறுபடி வில்லையில் வைக்கிறோம். மூக்கின் எண்ணெய் பவுடருக்குள் இறங்கி இறுகிவிடுகிறது. செல்லோடேப்பை அந்த இடத்தில் லேசாக ஒட்டி எடுத்தால், அல்லது பழைய மஸ்காரா பிரஷ்ஷால் சுரண்டினால் படலம் வந்துவிடும். மறுபடி வராமல் இருக்க, எப்போதும் ஒற்றிவிட்டுப் போடுவது, ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை கழுவி முழுக்கக் காயவைப்பது. ஈர ஸ்பாஞ்சை டப்பாவுக்குள் மூடி வைக்கவே கூடாது. தண்ணீரே இல்லாத பவுடரில் கிருமி எளிதில் வளராது. நாம் கொண்டுபோய் விடும் ஈரத்தில் பூஞ்சை வரும்.

மறைமுகச் செலவு என்றால் உடைவதுதான். கைப்பை ஒருமுறை கீழே விழுந்தால் போதும். உடைந்ததை முழுக்கப் பொடியாக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் களிம்பாக்கி, டிஷ்யூ சுற்றிய நாணயத்தால் அழுத்தி, ஒரு இரவு திறந்து வைத்தால் சேர்ந்துகொள்ளும். முன்னைவிடக் கெட்டியாக இருக்கும், நிறம் கொஞ்சம் குறைவாகத்தான் எழும். சானிடைசர் ஜெல்லை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், பிசுபிசுப்பாகிவிடும். ரீஃபில் தட்டு தனியாக விற்கும் பிராண்டாக இருந்தால் இரண்டாவது முறை வாங்கும்போது செலவு இறங்கும்.

## லூஸ் மினரல் பவுடர்

பிணைப்பு வேண்டாம் என்பதால் பொருள் பட்டியல் சின்னதாக இருக்கும். எதைப் போட்டாலும் சிவந்துபோகிற, பருவுக்கு மருத்துவம் எடுத்துக்கொள்கிற முகங்களுக்கு இதுதான் முதல் தேர்வு. எந்தப் பொருள் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிப்பதும் எளிது. டி-ஜோனில் பிரெஸ்டைவிடக் காய்ந்து நிற்கும். ஒரே அடுக்கில் மறைப்பு குறைவு. மூடியில் ஒரு சிட்டிகை கொட்டி, பிரஷ்ஷை அதில் சுழற்றி, தட்டி, முகத்தில் தேய்த்து, தேவையான இடத்தில் மறுபடி ஒரு மெல்லிய அடுக்கு என்று கட்டிக்கொண்டு போக வேண்டும்.

காய்ந்த கன்னத்தில் இது மூன்றிலும் மோசம். ஏசி அறையில் நான்கு மணி நேரம் கழித்துச் சிரிப்புக் கோடுகளில் வரி வரியாகத் தெரியும்.

ஷேட் தேர்வில் இன்னொரு சிக்கல். டப்பாவில் வெளிறித் தெரியும் தூள், சருமத்தின் எண்ணெய் பட்டதும் ஒரு படி கறுக்கும். பவுடர் ஆக்ஸிடைஸ் ஆகிவிட்டது என்பார்கள். அயர்ன் ஆக்ஸைடு ஏற்கெனவே ஆக்ஸைடுதான். துகள்களுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்வதால் ஒளி சிதறுவது குறைந்து, நிறம் ஆழமாகத் தெரிகிறது. காம்பினேஷன் முகத்தில் இது டி-ஜோனில் மட்டும் நடப்பதால் மூக்கு ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம் ஆகிவிடும். தாடை ஓரத்தில், உங்கள் வழக்கமான சன்ஸ்கிரீன் மேல் தடவி, இரண்டு மணி நேரம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பயணத்தில் சிந்தும், கறுப்புச் சுடிதாரில் விழும், ஆஸ்துமா உள்ளவர்கள் மூடியைத் திறக்கும்போது மூச்சில் போகும். வெளியே எடுத்துப் போகிற பொருள் அல்ல, வீட்டு அலமாரிப் பொருள். நல்ல பிரஷ் இல்லாமல் இது வேலைக்கே ஆகாது. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

## மேட் லிக்விட் ஃபவுண்டேஷன்

மங்கு, பருத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் இவற்றை மறைக்க வேண்டும் என்றால் பேச்சே இல்லை, லிக்விட்தான். அதே மறைப்பைப் பவுடரில் கொண்டுவர மூன்று நான்கு அடுக்கு போட்டால் கேக் மாதிரி தடித்துக் கட்டியாகிவிடும். கறுத்த நிறத்துக்கும் ஷேட்கள் இதில்தான் அதிகம் கிடைக்கின்றன. பவுடரில் மறைப்பைத் தருவது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு. ஒளியை நன்றாகச் சிதறடிக்கும் வெள்ளை நிறமி அது. கறுத்த முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரிவதும், ஃபிளாஷ் போட்டோவில் முகம் மட்டும் வெளுப்பதும் அதனால்தான். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கன்னத்தில் லிக்விட் வசதியாக இருக்கும். டி-ஜோனில் மூன்று மணி நேரத்தில் நகர ஆரம்பிக்கும், மூக்கின் ஓரத்தில் பிரிந்து திரண்டு நிற்கும். அதைத் தடுக்க எப்படியும் மேலே ஒரு பவுடர் வேண்டும். ஆக, லிக்விட் மட்டும் வாங்கினால் போதும் என்ற கணக்கு தப்பு. இரவில் வெறும் ஃபேஸ்வாஷில் போகாது. மைசெல்லார் வாட்டரோ கிளென்சிங் பாமோ கூடுதல் செலவு. ஒரு தடவைக்கு அரை மில்லி என்று வைத்தால் 30 மில்லி பாட்டில் 60 தடவை வரும். மத்தியானம் திரும்பப் போடவே முடியாது. எண்ணெயும் பழைய அடுக்கும் இருக்கும் முகத்தில் மறுபடி லிக்விட் தேய்த்தால் எல்லாம் சேர்ந்து உரிந்து வரும்.

## ஒரே பார்வையில்

| | பிரெஸ்டு மினரல் | லூஸ் மினரல் | மேட் லிக்விட் |
|---|---|---|---|
| காய்ந்த கன்னம் | மாய்ச்சரைசர் இருந்தால் பரவாயில்லை | கோடு விழும் | நல்லது |
| எண்ணெய் மூக்கு | ஒற்றிவிட்டுப் போட்டால் நல்லது | நல்லது | பவுடர் துணை வேண்டும் |
| மறைப்பு | நடுத்தரம் | லேசு, அடுக்கினால் நடுத்தரம் | முழுமை வரை |
| மத்தியான டச்-அப் | எளிது | சிரமம் | முடியாது |
| கறுத்த நிற ஷேட்கள் | குறைவு | குறைவு | அதிகம் |
| கவனிக்காமல் விடும் செலவு | உடைதல், ஸ்பாஞ்ச் | பிரஷ், சிந்துதல் | செட்டிங் பவுடர், கிளென்சர் |

## பவுடரில் உள்ள எஸ்பிஎஃப்

மினரல் பவுடர் டப்பாவில் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 15, 20 என்று இருப்பதைப் பார்த்து சன்ஸ்கிரீனை நிறுத்திவிடாதீர்கள். எஸ்பிஎஃப் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டு அளக்கிறார்கள். முகத்தின் பரப்பை ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.2 கிராம் பவுடர் வேண்டும். 10 கிராம் வில்லை எட்டு நாளில் தீரும் கணக்கு அது. அவ்வளவு பவுடரோடு யாரும் வெளியே போக மாட்டார்கள். மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்ஸைடு கலந்த டின்டட் சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும், ஏனென்றால் மங்கைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுக்கும். அதன்மேல் டி-ஜோனில் மட்டும் பிரெஸ்டு பவுடர் என்றால், பலருக்குத் தனி ஃபவுண்டேஷனே தேவைப்படாது.

## யாருக்கு எது

கன்னம் சாதாரணம், மூக்கு மட்டும் தொல்லை, காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலைதான் வீடு என்றால் பிரெஸ்டு மினரல் பவுடரைத் தயங்காமல் வாங்கலாம். சிலிக்கா முன்வரிசையில், பிஸ்மத் இல்லாமல் பார்த்து எடுங்கள்.

முகம் எளிதில் சிவக்கும், பரு வருகிறது, கன்னம் அவ்வளவாகக் காயவில்லை என்றால் லூஸ்.

செதில் விடும் கன்னம், அல்லது மறைக்க வேண்டியது நிறைய என்றால் லிக்விட். ஆனால் முழு முகத்துக்கும் வேண்டியதில்லை. கன்னத்திலும் கறை உள்ள இடத்திலும் லிக்விட், டி-ஜோனில் பிரெஸ்டு என்று பிரித்துப் போடுவதுதான், எங்கள் பார்வையில், நிஜமான காம்பினேஷன் முகத்துக்குச் சரியான ஏற்பாடு. இரண்டு பொருள் வாங்க வேண்டும் என்றாலும் இரண்டும் பாதி வேகத்தில்தான் தீரும். ஈரமானது முதலில், தூள் பிறகு. பவுடர் மேல் லிக்விட் போட்டால் உடனே திரிந்து கட்டியாகும். ஒரே பிராண்டின் ஒரே ஷேட் எண் என்பதற்காக லிக்விடும் பிரெஸ்டும் ஒத்துப்போகும் என்று நம்பாமல், இரண்டையும் தாடையில் பக்கத்தில் பக்கத்தில் தடவிப் பாருங்கள்.

ஏற்கெனவே பிரெஸ்டு வாங்கி, கன்னத்தில் நிற்காமல் கிடக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். வழக்கமான மாய்ச்சரைசரில் ஒரு பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து, வில்லையில் பிரஷ்ஷால் எடுத்த தூளை அதில் தட்டிக் குழைத்து, கன்னத்தில் மட்டும் விரலால் ஒற்றுங்கள். மறைப்பு லேசாக இருக்கும், திட்டு விழாது. இந்தக் கலவையை வில்லையின் மேலேயே செய்துவிடாதீர்கள், அடுத்த நாளே கெட்டிப் படலம்தான். நெற்றிக்கும் மூக்குக்கும் அதே டப்பாவை எப்போதும்போல உலர்வாகப் பயன்படுத்தலாம். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படத்தில் 12 எம் அல்லது 24 எம் என்று போட்டிருக்கும் மாதக் கணக்குக்குள் தீர்த்துவிடுங்கள்.